ஐந்து டாக்டர், ஐந்து ஃபைல்: சார்காய்டோசிஸை யார் கையில் ஒப்படைப்பது?

கேள்வி: என் மனைவிக்கு 41 வயது. பள்ளி ஆசிரியை. போன வருஷம் விடாமல் வறட்டு இருமல். எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் நெறிக்கட்டி இருப்பதாகச் சொல்லி ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள். இருமல் போகவில்லை. பிறகு கோவையில் வாய் வழியாக ட்யூப் விட்டு, சதை எடுத்துப் பார்த்து சார்காய்டோசிஸ் என்றார்கள். நான்கு மாதமாக ஸ்டீராய்டு, 30 மில்லிகிராமில் ஆரம்பித்து இப்போது 15. இடையில் கண் சிவந்தது, கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். சுகர் ஏறியது, அதற்கு ஒரு டாக்டர். மூட்டு வலிக்குப் போன இடத்தில் கால்சியம் மாத்திரையும் வாரம் ஒரு வைட்டமின் டி சாஷேவும் கொடுத்தார்கள். அடிக்கடி படபடப்பு. ஒருநாள் அடுப்படியில் கண் இருட்டிக்கொண்டு வந்து மேடையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து கிளினிக்கில் கேஸ் என்றார்கள். ஒரு உறவினர் இது 'சார்கோமா', கேன்சர் வகை என்கிறார். இன்னொருவர், 40 மில்லிகிராம் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். லங் டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் சேர்க்கலாம் என்கிறார். எந்நேரமும் களைப்பு. 'எப்பப் பாத்தாலும் படுத்தே கிடக்கிறா' என்று வீட்டுப் பெரியவர்கள் பேசுகிறார்கள். ஐந்து டாக்டர், ஐந்து ஃபைல். ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேலூர் போய்விடலாமா? ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ரிப்போர்ட்டுகளை ஒன்றுவிடாமல் பார்த்தேன். உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன், இந்த வாரத்துக்குள் நடக்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

முதலாவது, அந்த வைட்டமின் டி சாஷே. அடுத்ததைப் பிரிக்காதீர்கள். கால்சியம் மாத்திரையையும் நிறுத்தி வைத்துவிட்டு, நாளைக்கே உங்கள் நுரையீரல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையின் மூன்றாம் பக்கத்தில், கீழேயிருந்து நான்காவது வரியில், கால்சியம் 11.3 என்று இருக்கிறது. பக்கத்தில் 'அதிகம்' என்பதற்கான எழுத்தைத் தடித்து அச்சிட்டிருக்கிறார்கள். 10.5ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அந்தப் பரிசோதனையை எழுதியவர் சுகர் டாக்டர். அவர் சுகரைப் பார்த்திருப்பார், கிட்னியைப் பார்த்திருப்பார், புரட்டியிருப்பார். வைட்டமின் டி எழுதிய எலும்பு டாக்டர் கண்ணில் அந்தத் தாள் படவேயில்லை.

ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு எலும்பு தேயும். அதனால் கால்சியமும் டியும் கொடுப்பது எலும்பு டாக்டரின் அன்றாடப் பழக்கம், நூற்றில் தொண்ணூறு பேருக்கு அது சரியும்கூட. சார்காய்டோசிஸ் அந்தக் கணக்கில் சேராது. இந்த நோயில் உடம்பின் தற்காப்பு செல்கள் கூடிக்கூடிச் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டுவிடுகின்றன. கிரானுலோமா என்பது அதுதான். நாம் விழுங்கும் வைட்டமின் டியை வீரியமுள்ள டியாக மாற்றும் வேலை வழக்கமாக சிறுநீரகத்துடையது, அதுவும் தேவைக்கேற்ப அளந்துதான் மாற்றும். இந்த உருண்டைகளும் அதே வேலையைச் செய்யும், ஆனால் அளவு தெரியாமல். சாஷேயில் இருப்பது 60,000 யூனிட். அத்தனையும் வீரியமாகி, குடலிலிருந்து கால்சியத்தை இழுத்து ரத்தத்தில் ஏற்றுகிறது. தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், சோர்வு எல்லாம் அதனால் வரும். நீண்ட நாள் போனால் சிறுநீரகக் கல், சிறுநீரகப் பழுது. உங்கள் மனைவி இரவில் மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சுகரால் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சுகராலும் இருக்கலாம், இதனாலும் இருக்கலாம். கால்சியத்தையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் உடனே திரும்ப எடுக்க வேண்டும். எலும்பைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது: எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அதற்கேற்ற மருந்து கொடுக்கலாம். வைட்டமின் டி உண்மையிலேயே குறைவா என்பதை, சாதாரண டி, வீரிய டி என்று இரண்டையும் அளந்துதான் சொல்ல முடியும்.

இரண்டாவது, அடுப்படியில் கண் இருட்டியது. கேஸாக இருந்தால் நல்லதுதான். ஆனால் சார்காய்டோசிஸ் உள்ள ஒருவருக்குப் படபடப்பும் கண் இருட்டலும் சேர்ந்து வந்தால், இதயத்தைப் பார்க்காமல் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. இதயத்தில் வெளிப்படையாகத் தொல்லை தருவது சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் அந்தச் சிலருக்கு, துடிப்பைக் கடத்தும் 'வயரிங்' நடுவிலேயே உருண்டை உட்கார்ந்துவிடும். துடிப்பு தடைபடும், அல்லது தாறுமாறாக ஓடும். இசிஜி, எக்கோ, 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவு செய்ய நெஞ்சில் மாட்டிவிடும் ஹோல்டர் கருவி மூன்றும் இந்த வாரமே நடக்கட்டும். எக்கோ நார்மல் என்று வந்தாலும் அதோடு விட்டுவிட வேண்டாம், ஆரம்பகாலப் பாதிப்பு எக்கோவுக்குத் தெரியாமல் போவதுண்டு. அடுத்தது இதய எம்ஆர்ஐ அல்லது பெட் ஸ்கேன். இடையில் மறுபடி கண் இருட்டினால், மயங்கி விழுந்தால், அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பெட் ஸ்கேன் எழுதினால் ஒரு விஷயம். நம் ஊரில் அது பாழாவது பெரும்பாலும் இட்லியால்தான். இதயத்தசை சர்க்கரையை எரிப்பதை நிறுத்திக் கொழுப்பை எரிக்கும்படி செய்தால்தான் நோயுள்ள இடம் மட்டும் படத்தில் பளிச்சிடும். அதற்காக முந்தைய நாள் குறைந்தது இரண்டு வேளை அரிசி, கோதுமை, பால், பழம், சர்க்கரை எதுவும் இல்லாமல் முட்டை, கறி, எண்ணெயில் வதக்கிய பன்னீர் என்று சாப்பிட்டு, பிறகு சொன்ன நேரம் வரை பட்டினி கிடக்க வேண்டும். காலையில் 'வெறும் வயித்தில எப்படிப் போறது' என்று யாராவது ஒரு இட்லியும் காபியும் கொடுத்தால் இதயம் முழுக்கப் பளிச்சிட்டு, செலவழித்த பல ஆயிரம் ரூபாயும் போச்சு. உங்கள் மனைவி சுகர் மாத்திரையாகக் கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். மாவுச்சத்தும் இல்லை, பட்டினியும் என்கிற அந்த நாளில் அந்த மாத்திரையை என்ன செய்வது என்று சுகர் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்காவிட்டால், ஸ்கேன் அறையிலேயே சுகர் இறங்கிவிடும்.

இந்த ஒரு ஸ்கேனுக்கே மூன்று டாக்டர்கள் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது பாருங்கள். உங்கள் முதன்மைக் கேள்வியும் அதுதான்.

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்று டாக்டர் மாற்றுகிறவர்களைக் கேலி செய்வோம். இந்த நோயில் பல தச்சர்கள் தேவைதான். உங்களுக்கு இல்லாமல் போனது மேஸ்திரி. நுரையீரலும் நெஞ்சு நெறிக்கட்டியும் பாதிக்கப்படுவது சுமார் 90 சதவீதம் பேருக்கு என்பதால், வழக்கமாக மேஸ்திரி வேலை நுரையீரல் டாக்டருக்கு வரும். இதயத்திலோ மூளையிலோ நோய் இருப்பது உறுதியானால், அல்லது மூட்டு, தோல் என்று பரவலாக இருந்தால், ருமட்டாலஜி (மூட்டு, தற்காப்பு மண்டல நோய்கள்) டாக்டர் அந்த இடத்துக்கு வரலாம். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற, தற்காப்பு செல்களை அடக்கும் மருந்துகள் அவர்களுக்குக் கைவந்த கலை. யார் என்பது இரண்டாம் பட்சம். ஸ்டீராய்டு அளவை ஏற்றுவதும் இறக்குவதும் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். மற்ற நால்வரும் புதிதாக எது எழுதினாலும் அவருக்குத் தெரிய வேண்டும். அடுத்த முறை போகும்போது உங்கள் லங் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: 'எல்லாத்தையும் சேர்த்து நீங்களே பாத்துக்குவீங்களா சார், இல்ல யாருகிட்டயாவது ஒப்படைக்கிறீங்களா?' கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அவர் மேஸ்திரி ஆகமாட்டார் என்று தெரிந்துபோகும், அதுவும் லாபம்தான்.

டாக்டர்கள் மேல் மட்டும் பழி போடவில்லை, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு இரண்டு வருடம் சார்காய்டோசிஸ் பார்த்தேன். மாதம் தவறாமல் வருவார், நுரையீரல் பரிசோதனை செய்வோம், ஊதுவார், போவார். ஒருநாள் இடுப்பைப் பிடித்தபடி வந்தார். விசாரித்தால், அந்த இரண்டு வருடத்தில் வேறொரு இடத்தில் இரண்டு முறை சிறுநீரகக் கல் எடுத்திருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்றேன். 'நீங்க நெஞ்சு டாக்டர்தானேய்யா, கல்லைப் பத்தி எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்' என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான்தான் கேட்கவில்லை, சிறுநீர்க் கால்சியத்தையும் பார்க்கவில்லை.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஐந்து ஃபைலும் வீட்டு அலமாரியில் இருக்கட்டும், கையில் போவது நோட்டு மட்டும். முதல் பக்கத்தில் நோயின் பெயர், சதை எடுத்த தேதி, அதன் முடிவு. எதிர்ப்பக்கத்தில் இன்றைய தேதிக்கு ஓடும் எல்லா மருந்தும்: அளவு, எழுதியவர், எதற்காக. அதே பக்கத்தின் மேலே சிவப்பு மையில் ஒரே வரி: 'கேட்காமல் கால்சியம், வைட்டமின் டி தரக்கூடாது, ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக்கூடாது.' மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு ஸ்டீராய்டு சட்டென நின்றால், தூங்கிப்போன அட்ரீனல் சுரப்பி கைகொடுக்காது; வாந்தி, பிரஷர் இறக்கம் என்று படுக்க வைத்துவிடும். பல் பிடுங்கப் போனாலும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மருந்து மாறும் அன்றைக்கே அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, ஐந்து இடத்துக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

எலும்பு டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள், எனக்குத் தெரியும். 'நீங்க குடுத்தது தப்பாமே' என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். 'சார்காய்டோசிஸ்ல கால்சியம் ஏறுமாம், இப்ப 11.3 இருக்கு, அதனால நிறுத்தி வச்சிருக்கோம், எலும்புக்கு வேற என்ன பண்ணலாம் டாக்டர்?' என்று தாளை நீட்டுங்கள்.

கண்ணைப் பற்றி. சிவப்பு போய்விட்டது, அதனால் திரும்பப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போக வேண்டும். முன்பக்க அழற்சிதான் சிவக்கும், வலிக்கும், வெளிச்சத்தில் கூசும். விழியின் பின்பக்கம் பாதிக்கப்பட்டால் சிவப்பே இருக்காது, பார்வை மங்கிய பிறகுதான் தெரியும். 2020இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில், கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லாதவருக்குக்கூட ஆரம்பத்தில் ஒரு கண் பரிசோதனை, இசிஜி, கால்சியம் எல்லாம் உண்டு. கூடவே ஸ்டீராய்டே கண் அழுத்தத்தை ஏற்றும், புரை வரவைக்கும். உங்களுக்குக் கோவை அரவிந்த் கண் மருத்துவமனை பக்கம்தான். பொதுக் கண் பிரிவில் காட்டிவிட்டு வராமல், யுவியா (கண்ணின் உள் அழற்சி) பிரிவு என்று கேட்டுப் போங்கள். போகும்போது 'கண் சிவப்பு' என்று சொல்லாதீர்கள், 'சார்காய்டோசிஸ் உறுதியானவர், ஸ்டீராய்டில் இருக்கிறார்' என்று சொல்லுங்கள். கண்மணியை விரித்து உள்ளே பார்ப்பார்கள், அன்று வண்டி ஓட்ட முடியாது.

சுகர் ரிப்போர்ட்டில் இன்னொன்று கவனித்தேன். எடுத்ததெல்லாம் வெறும் வயிற்றுச் சுகர், 98, 102 என்று அழகாக இருக்கிறது. காலையில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குச் சுகர் ஏறுவது மதியத்துக்கு மேல்தான். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பும் எடுத்துப் பாருங்கள். ஸ்டீராய்டு 15லிருந்து 10க்கு இறங்கும் அன்று சுகர் டாக்டருக்கும் தகவல் போக வேண்டும். இல்லாவிட்டால் அதே கிளிமிபிரைடு சுகரைத் தாழ இறக்கிவிடும். அப்போதும் படபடப்பு வரும், கண் இருட்டும். அதையும் யாராவது கேஸ் என்பார்கள்.

டிபி மருந்து வீணாகக் கொடுத்துவிட்டார்களா என்ற ஆதங்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. உலகத்து டிபி நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நெஞ்சில் நெறிக்கட்டி என்றதும் இங்கே எந்த டாக்டர் மனதிலும் முதலில் வருவது டிபிதான். இரண்டும் எக்ஸ்ரேயில் அக்கா தங்கை மாதிரி இருக்கும், கிரானுலோமா இரண்டிலும் உண்டு. சதை எடுத்துப் பார்க்காமல் ஆரம்பித்ததுதான் குறை. ஆனால் என் சந்தேகம் வேறு. கோவையில் எடுத்த திசுவில் சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) நெகட்டிவ், உருண்டைகளின் நடுவே டிபியில் வருவது போன்ற அழுகல் இல்லை என்ற இரண்டு தாளும் இருக்கின்றன. கிருமியை வளர்த்துப் பார்க்கும் டிபி கல்ச்சருக்கு அனுப்பியதாகக் குறிப்பு இருக்கிறது, முடிவைத்தான் காணோம். அது வர 42 நாள் வரை ஆகும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி, நீங்கள் ஈரோடு வந்து, எல்லாரும் மறந்துபோயிருப்பீர்கள். ஸ்டீராய்டில் இருக்கிறவருக்கு அந்தத் தாள் அவசியம். அந்த மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி பிரிவில் பழைய நம்பரைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

உறவினர்கள் விஷயம் சுருக்கமாக. இது கேன்சர் இல்லை, தொற்றவும் தொற்றாது. 1899இல் நார்வேயின் சீசர் பெக் என்ற தோல் மருத்துவர், நுண்ணோக்கியில் பார்த்த செல்கள் சார்கோமாவைப் போலத் தோன்றியும் கெடுதல் செய்யாதவையாக இருந்ததால், 'சார்கோமா போன்றது' என்ற பொருளில் வைத்த பெயர். அந்தப் பெயர் நூற்றிருபது வருஷமாக ஆட்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. 40 மில்லிகிராம்காரருக்கும் பதில் இருக்கிறது. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் நுரையீரல் சார்காய்டோசிஸ் உள்ள 86 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 40, இன்னொன்றுக்கு 20 மில்லிகிராம் என்று ஆரம்பித்து 18 மாதம் கவனித்தார்கள். நோய் திரும்புவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று 2023இல் வெளியிட்டார்கள். நுரையீரலுக்கு உங்கள் டாக்டர் கொடுத்த 30 தாராளம். இதயத்தில் நோய் இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் பயப்பட வேண்டாம். நெதர்லாந்தில் 138 பேரிடம், ஸ்டீராய்டுக்குப் பதிலாக எடுத்த எடுப்பில் இதையே கொடுத்துப் பார்த்து, 24 வாரத்தில் நுரையீரல் திறன் ஸ்டீராய்டுக்குக் குறையாமல் தேறியதாக 2025இல் முடிவு வந்திருக்கிறது. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அது வாரம் ஒரு முறை மாத்திரை. தினமும் என்று நினைத்துச் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து ஐசியூ வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து, அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் சேர்த்துக் கொடுப்பார்கள். ரத்த அணுக்களும் ஈரலும் தவறாமல் பார்க்க வேண்டும். நீர்க்கடுப்புக்கு யாராவது கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் வாங்காதீர்கள், இரண்டும் சேரக்கூடாது. கரு தங்க வாய்ப்பிருந்தால் அதையும் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

வேலூருக்கு வருகிறேன். போகலாம், ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வேலூர் சிஎம்சியிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ நுரையீரல், இதயம், கண், ருமட்டாலஜி எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. ஜிப்மரில் அந்தக் கடைசிப் பிரிவைக் கிளினிக்கல் இம்யூனாலஜி என்பார்கள். ஒருமுறை போய், எல்லாரும் பார்த்து, இன்னின்ன மருந்து, இத்தனை மாதம், இத்தனை நாளைக்கு ஒருமுறை இன்ன பரிசோதனை என்று எழுதி வாங்கி வரலாம். அதை ஈரோட்டில் இருக்கும் உங்கள் லங் டாக்டரிடம் கொடுங்கள். மூன்று வாரத்துக்கொருமுறை விடியற்காலை ரயிலைப் பிடித்து ரத்தம் கொடுத்துவிட்டு வருகிற வாழ்க்கை இந்த நோய்க்குத் தேவையில்லை. போகும்போது சிடி ஸ்கேனின் சிடியும், பயாப்ஸி ஸ்லைடுகளும் அந்தச் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியும் கோவையிலிருந்து கேட்டு வாங்கிப் போங்கள். போனில் எடுத்த போட்டோவை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. இதயப் பரிசோதனைகளை மட்டும் வேலூருக்கு என்று தள்ளிப் போடாதீர்கள், அவை இந்த வாரமே.

கடைசியாக அந்தக் களைப்பு. பெரியவர்களிடம் சொல்லுங்கள், இது சோம்பல் இல்லை. எக்ஸ்ரே தெளிந்த பிறகும், ரத்தமெல்லாம் சரியான பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கிற களைப்பு இந்த நோயில் சகஜம். அதற்காக ஸ்டீராய்டை ஏற்றக்கூடாது, ஏற்றினால் சுகரும் எடையும்தான் ஏறும். கால்சியம், தைராய்டு, ரத்த சோகை, தூக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நடை. பாதிப்பேருக்கு மேல் இரண்டு மூன்று வருடத்தில் இந்த நோய் அடங்கிவிடுகிறது என்பதையும் அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

ஒன்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் உறவினர்கள் பேசுகிறார்கள், பெரியவர்கள் பேசுகிறார்கள், உங்கள் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டின் கடைசிப் பக்கங்களை அவருக்கு விட்டுவிடுங்கள், டீச்சர்தானே, நம்மைவிட நன்றாக எழுதுவார். முதலில் அன்று அடுப்படியில் நடந்ததை அவர் கையாலேயே எழுதட்டும்: படபடப்பு முதலில் வந்ததா, இருட்டு முதலில் வந்ததா, எத்தனை நொடி, முன்னால் சாப்பிட்டிருந்தாரா, வியர்த்ததா. இதய டாக்டர் உட்கார வைத்ததும் கேட்கப்போவது அதைத்தான்.